ஓரணுவும் அசையாது என்றால்

பஸ்ராவின் பெரும் மார்க்க அறிஞர் ஹசன் அல்பஸரியிடம் இரண்டு பேர் ஒரு புகாரோடு வந்தார்கள். அபூ சயீத் என்றும் அவரை அழைப்பார்கள். ஒருவர் மஅபத் அல்ஜுஹனீ, இன்னொருவர் அதா இப்னு யசார். "அபூ சயீதே, இந்த ராஜாக்கள் முஸ்லிம்களின் ரத்தத்தைச் சிந்துகிறார்கள், சொத்தைப் பிடுங்குகிறார்கள், இன்னும் என்னென்னவோ செய்கிறார்கள். கேட்டால், நாங்கள் செய்வதெல்லாம் அல்லாஹ்வின் விதிப்படிதான் நடக்கிறது என்கிறார்கள்" என்றார்கள்.

"அல்லாஹ்வின் விரோதிகள் பொய் சொல்கிறார்கள்" என்றார் ஹசன். அவ்வளவுதான் பதில். விளக்கவுரை எதுவும் இல்லை.

9ஆம் நூற்றாண்டில் இப்னு குதைபா எழுதிவைத்த செய்தி இது. 'ராஜாக்கள்' என்று அவர்கள் சொன்னது டமாஸ்கஸிலிருந்து ஆண்ட உமய்யாக்களை. மனிதனுக்குச் சுயவிருப்பம் உண்டா, எல்லாம் எழுதிவைத்தபடியா என்ற பேச்சை எடுத்தாலே அரிஸ்டாட்டிலிடம் போய் நிற்கிறவர்கள் இருக்கிறார்கள். கிரேக்க நூல்கள் பெருவாரியாக அரபுக்கு வந்தது உமய்யாக்களுக்குப் பின் ஆண்ட அப்பாசியர் காலத்தில். அதற்கு வெகுமுன்பே, வெட்டியவன் தன் வெட்டுக்கு இறைவனைச் சாட்சிக்கு இழுத்த இடத்தில் இந்த விவாதம் பிறந்துவிட்டது. முதலில் அரசனிடம்தான் கணக்குக் கேட்டார்கள். போகப்போக அதே கேள்வி இறைவனிடமே கணக்குக் கேட்பதாக ஆகிவிட்டது. சண்டை உண்மையில் முற்றியது அங்கேதான் என்று நினைக்கிறேன்.

'கத்ர்', அதாவது இறைவன் விதித்த விதி, எங்கள் வீட்டில் சாதாரணமாகப் புழங்கிய சொல். ஓதுபள்ளியில் ஈமானின், அதாவது இறைநம்பிக்கையின், ஆறு விஷயங்களை ராகம் போட்டு ஒப்பிப்போம். அல்லாஹ், மலக்குமார்கள், வேதங்கள், ரசூல்மார்கள், மறுமை நாள் என்று வரிசையாக வந்து ஆறாவதாக "வல்கத்ரி கைரிஹி வஷர்ரிஹி மினல்லாஹி தஆலா" என்று முடியும். நன்மையும் தீமையும் அவன் விதித்தபடியே. மய்யித்து வீட்டுக்குப் போனால் "என்னம்மா செய்ய, அல்லா நாடுனது" என்பார்கள். மகள் கல்யாணம் தள்ளிப்போனால் "நசீபு". எங்கள் ஹஜ்ரத்திடம் ஒரு பையன், எல்லாம் எழுதியபடி என்றால் பாடம் ஒப்பிக்காததற்கு எதற்கு அடிக்கிறீர்கள் என்று கேட்டான். "நான் அடிக்கணும்னும் எழுதியிருக்கு" என்று இன்னொன்று போட்டார். இதே ரீதியில் ஒரு பதில், மிக நேர்த்தியான அரபு நடையில், ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய நூல்களிலும் உண்டு என்பது பின்னால்தான் தெரிந்தது.

அந்த ஆறாவது விஷயத்துக்குப் பின்னாலேயே மஅபத் நிற்கிறார். ஸஹீஹ் முஸ்லிம் என்ற ஹதீஸ் (நபிமொழி) தொகுப்பில் ஈமான் பற்றிய பாடத்தைத் திறந்தால் முதல் ஹதீஸே அவர் பெயரோடுதான் தொடங்குகிறது. "பஸ்ராவில் கத்ரைப் பற்றி முதலில் பேசியவர் மஅபத் அல்ஜுஹனீ" என்று யஹ்யா இப்னு யஅமர் சொல்கிறார். யஹ்யாவும் அவர் நண்பரும் மக்காவுக்குப் பயணம் போகிறார்கள். நபித்தோழர் யாரையாவது பார்த்தால் இதைக் கேட்டுவிட வேண்டும் என்று போகும்போதே பேசிக்கொள்கிறார்கள். பள்ளிவாசலில் நுழைந்துகொண்டிருந்த அப்துல்லாஹ் இப்னு உமர் கண்ணில் படுகிறார். ஒருவர் வலப்பக்கம், ஒருவர் இடப்பக்கமாக அவரை அணைத்துக்கொள்கிறார்கள். எங்கள் ஊரில் சிலர் கிளம்பியிருக்கிறார்கள், குர்ஆன் ஓதுகிறார்கள், கல்வி தேடுகிறார்கள், ஆனால் விதி என்று ஒன்று இல்லை, காரியங்கள் அப்போதைக்கப்போது புதிதாக நடக்கின்றன என்கிறார்கள் என்று சொல்கிறார்கள். இப்னு உமர், "அவர்களைப் பார்த்தால் எனக்கும் அவர்களுக்கும் எந்த ஒட்டும் இல்லை என்று சொல்லுங்கள். உஹது மலையளவு தங்கத்தைத் தர்மம் செய்தாலும் கத்ரை நம்பாதவரை அல்லாஹ் ஏற்கமாட்டான்" என்கிறார். ஓதுபள்ளியில் எங்களுக்கு ஆறு விஷயங்களைச் சொல்லிக்கொடுத்தார்கள், மஅபதைச் சொல்லவில்லை.

இந்தப் பதிலைக் கேட்டால் முன்னோர் எல்லோரும் கையைக் கட்டிக்கொண்டு விதியே என்று இருந்ததாகத் தோன்றும். அப்படியில்லை. கலீஃபா உமர் ஷாம் (சிரியா) தேசத்துக்குப் புறப்பட்டு சர்க் என்ற இடம்வரை போனபோது, அங்கே கொள்ளைநோய் பரவுவதாகச் செய்தி வருகிறது. ஆலோசனை கேட்டுவிட்டுத் திரும்பிவிடலாம் என்று முடிவெடுக்கிறார். படைத்தலைவர் அபூ உபைதாவுக்கு இது பிடிக்கவில்லை. "அல்லாஹ்வின் விதியிலிருந்தா ஓடுகிறீர்கள்?" என்று கேட்கிறார். "ஆமாம், அல்லாஹ்வின் விதியிலிருந்து அல்லாஹ்வின் விதிக்கே ஓடுகிறோம்" என்கிறார் உமர். ஒரு பள்ளத்தாக்கில் ஒரு சரிவு பசுமை, மறு சரிவு பொட்டல். உன் ஒட்டகங்களைப் பசுமையில் மேய்த்தாலும் பொட்டலில் மேய்த்தாலும் அதுவும் அவன் விதிதானே என்று கேட்கிறார். 2020இல் பள்ளிவாசல்கள் மூடியிருந்தபோது இந்த ஹதீஸ் வாட்ஸப்பில் எத்தனை குழுக்களில் சுற்றியது என்று எல்லோருக்கும் நினைவிருக்கும். அபூ உபைதா படையோடு அங்கேயே இருந்தார், அந்த நோயிலேயே இறந்தார். நான் இருவரையும் குறைசொல்ல மாட்டேன். ஆனால் உமரின் பதிலில் ஒரு நிர்வாகியின் பொறுப்பு இருக்கிறது. விதியை நம்புகிறவன் முடிவெடுப்பதிலிருந்து விடுபட்டுவிடவில்லை.

உமய்யாக்கள் செய்தது இதற்கு நேரெதிர். 657இல் ஸிஃப்பீன் போரில் முஸ்லிம்களை முஸ்லிம்களே வெட்டிக்கொண்டார்கள். 661இல் கலீஃபா அலீ கொல்லப்பட்டு உமய்யாக் குடும்பத்து முஆவியாவின் கைக்கு ஆட்சி போனது. இந்த ஆட்சி எப்படி நியாயம் என்று கேட்டவர்களுக்கு ஒரு பதில் தேவைப்பட்டது, விதி கைக்கு வாகாகக் கிடைத்தது. கவிஞர்களும் சேர்ந்து பாடினார்கள். கலீஃபா பதவி அவருக்கென்றே விதிக்கப்பட்டிருந்தது, மூஸா தன் இறைவனிடம் விதிப்படி வந்ததுபோல என்று ஜரீர் பாடியிருக்கிறார். வேடிக்கை என்னவென்றால் அந்தப் பாட்டு உமய்யாக்களிலேயே நல்லவர் என்று பெயரெடுத்த உமர் இப்னு அப்துல் அஸீஸைப் பற்றியது. நல்லவனுக்குப் பாடிய மெட்டு கெட்டவனுக்கும் பொருந்தும், அதுதான் பிரச்சினை.

மஅபத் 700ஐ ஒட்டிக் கொல்லப்பட்டார். அவருக்குப் பின் டமாஸ்கஸில் அதே கருத்தோடு கைலான் கிளம்பினார். உமர் இப்னு அப்துல் அஸீஸோடு அவர் வாதிட்டதாகவும், உமய்யாக் குடும்பத்தார் சேர்த்துவைத்த சொத்தைத் தெருவில் ஏலம்விடும் வேலையை அவரே கேட்டு வாங்கிக்கொண்டதாகவும் பின்னால் வரப்போகிற முஅதஸிலா என்ற கூட்டத்தார் வழியில் ஒரு கதை உண்டு. ஏலத்தைப் பார்த்த உமய்யாக் குடும்பத்து ஹிஷாம், தனக்கு அதிகாரம் வந்தால் இவன் கைகால்களை வெட்டுவேன் என்று சபதம் செய்தாராம். 724இல் ஹிஷாம் கலீஃபா ஆனார், கைலானின் கைகளும் கால்களும் வெட்டப்பட்டன. கதையின் முன்பாதியை நம்பினாலும் நம்பாவிட்டாலும் பின்பாதி நடந்தது. 744இல் மூன்றாம் யஸீத், அப்போதைய கலீஃபா வலீதைக் கொன்றுவிட்டு ஆட்சியைப் பிடித்தபோது கத்ரிய்யாக்கள் என்று பெயர்பெற்ற இந்தச் சுயவிருப்பக்காரர்கள் அவர் பக்கம் இருந்தார்கள். அவர் ஆறு மாதம்தான் உயிரோடு இருந்தார்.

சரி, அப்படியானால் சுயவிருப்பம் பேசியவர்கள் எல்லாம் கலகக்காரர்கள், விதியைப் பேசியவர்கள் எல்லாம் அரண்மனைக்காரர்கள் என்று கோடு போட்டுவிடலாமா? அங்கேதான் ஜஹ்ம் இப்னு ஸஃப்வான் வந்து காரியத்தைக் கெடுக்கிறார். மனிதனுக்குச் செயல் என்று ஒன்றே இல்லை என்றவர் இவர். மரம் அசைந்தது, சூரியன் சாய்ந்தது என்று சொல்வதுபோலத்தான் மனிதன் செய்தான் என்று சொல்வதும், பேச்சுவழக்கு, அவ்வளவே. இத்தனை முற்றிய விதிவாதி என்ன செய்தார் தெரியுமா? குராசானில் உமய்யா ஆட்சிக்கு எதிராகக் கிளர்ச்சி செய்த ஹாரிஸ் இப்னு சுரைஜுக்குக் காரியதரிசியாக இருந்து, 746இல் மர்வில் கொல்லப்பட்டார். தத்துவத்திலிருந்து அரசியலை நேர்கோடாக வரைய நினைக்கிறவர்கள் ஜஹ்மைக் கொஞ்சம் யோசித்துப் பார்க்க வேண்டும்.

இனி பஸ்ராவுக்குத் திரும்புவோம். அங்கே எரிந்துகொண்டிருந்தது வேறொரு கேள்வி. பெரும்பாவம் செய்த முஸ்லிம் இன்னும் முஸ்லிமா? இல்லை, காஃபிர் என்றார்கள் கவாரிஜ்கள். அதை அல்லாஹ் பார்த்துக்கொள்வான், நாம் தீர்ப்புச் சொல்லக்கூடாது என்றார்கள் முர்ஜிஆக்கள். ஹசனின் சபையில் வாஸில் இப்னு அதா என்ற இளைஞர் எழுந்து, அவன் இரண்டுமில்லை, இரண்டுக்கும் நடுவே ஒரு நிலையில் இருக்கிறான் என்று சொல்லிவிட்டுப் பள்ளிவாசலின் வேறொரு தூணருகே போய் உட்கார்ந்துகொண்டாராம். "வாஸில் நம்மைவிட்டு ஒதுங்கிவிட்டார்" என்றார் ஹசன். அதனால் முஅதஸிலா, ஒதுங்கியவர்கள், என்று பெயர் வந்தது என்பது பாடப்புத்தகக் கதை. வரலாற்றாசிரியர்கள் இதைப் பெரிதாக நம்புவதில்லை. கதை நன்றாக இருக்கிறது என்பதால் நானும் சொல்லிவைக்கிறேன்.

வாஸிலைப் பற்றி எனக்குப் பிடித்த சங்கதி ஒன்று உண்டு. அவருக்கு 'ர' வராது. பேச்சால் ஊரைக் கட்டிப்போட வேண்டிய மனிதருக்கு இப்படி ஒரு குறை. அவர் என்ன செய்தார் என்றால், 'ர' உள்ள சொற்களையே தவிர்த்துப் பேசப் பழகிக்கொண்டார். கோதுமையைச் சொல்ல 'புர்' என்ற சொல் வேண்டாம், 'கம்ஹ்' இருக்கிறது. கவிஞர் பஷ்ஷார் இப்னு புர்தை அவர் பகிரங்கமாகத் தாக்கிப் பேசினார். பெயர் முழுக்க 'ர'. பெயரையே சொல்லாமல், குருடர் என்பதற்கும் 'ர' இல்லாத சொல்லாக எடுத்து, ஒரு இடத்திலும் நாக்கு இடறாமல் பேசி முடித்ததை அரபு எழுத்தாளர் ஜாஹிஸ் வியந்து எழுதியிருக்கிறார். மனிதனுக்குத் தன் செயல்மேல் ஆளுமை உண்டு என்று போதித்தவருக்கு இந்தப் பிடிவாதம் பொருத்தம்தான்.

முஅதஸிலாக்கள் தங்களை 'நீதியும் ஏகத்துவமும் உடையோர்' என்று அழைத்துக்கொண்டார்கள். நீதி என்றால்: இறைவன் அநியாயம் செய்யமாட்டான். ஒருவனைப் பாவம் செய்யவைத்துவிட்டு அதற்காகவே நரகத்தில் போடுவது அநியாயம். ஆகவே பாவத்தைச் செய்வது மனிதன்தான், அதற்கான சக்தியை இறைவன் கொடுத்திருக்கிறான். நல்லது எது கெட்டது எது என்பதை வேதம் வருவதற்கு முன்பே அறிவால் கண்டுகொள்ள முடியும். கொலை கெட்டது என்பதால்தான் இறைவன் அதைத் தடுத்தான், அவன் தடுத்ததால் அது கெட்டதாக ஆகவில்லை.

ஏகத்துவம் இன்னும் நுணுக்கமானது. இறைவன் அறிகிறவன், ஆற்றலுள்ளவன், கேட்கிறவன், பார்க்கிறவன் என்று குர்ஆன் சொல்கிறது. அவனுடைய அறிவு அவனிலிருந்து வேறான ஒன்றா? வேறு என்றால், அதுவும் ஆதியிலிருந்தே இருப்பது என்றால், ஆதியானவை இரண்டாகிவிடுகின்றனவே! ஆற்றலைச் சேர்த்தால் மூன்று. முஅதஸிலா அறிஞர் அபுல் ஹுதைல் இதற்கு, இறைவன் ஓர் அறிவால் அறிகிறான், அந்த அறிவு அவனேதான் என்றார். "என் இரு கைகளால் படைத்தேன்" என்று 38:75 சொல்கிறதே? கை என்றால் ஆற்றல். "அர்ஷின்மீது (சிம்மாசனத்தின்மீது) அமைந்தான்" என்று 20:5 சொல்கிறதே? அமைதல் என்றால் ஆட்சி. "அவனைப் போல் எதுவும் இல்லை" என்ற 42:11ஐப் பிடித்துக்கொண்டு மற்றதையெல்லாம் அதற்கு ஏற்ப விளக்கினார்கள். எதிர்த்தரப்போ, அவன் சொன்னதைச் சொன்னபடி ஏற்பதைவிட்டு இவர்கள் யார் அர்த்தம் மாற்ற என்று கொதித்தது. மதீனாவில் இமாம் மாலிக்கிடம் ஒருவர் வந்து, எப்படி அமைந்தான் என்று கேட்டபோது, அமைதல் தெரிந்ததே, எப்படி என்பது அறிவுக்கு எட்டாதது, நம்புவது கடமை, அதைத் துருவிக் கேட்பது பித்அத் (மார்க்கத்தில் இல்லாத புதுமை) என்று சொல்லிக் கேட்டவரை வெளியே அனுப்பச் சொன்னார். தமிழ்நாட்டில் "அல்லாஹ்வுக்கு உருவம் உண்டா" என்று மேடை போட்டு, மைக் வைத்து, வீடியோ எடுத்து இரண்டு தரப்பும் வாதாடியதைப் பார்த்தவர்களுக்கு இந்த வசனங்களெல்லாம் மனப்பாடமாகியிருக்கும். அங்கே இறங்கிய ஆயுதங்கள் அத்தனையும் பஸ்ராவிலும் பாக்தாதிலும் வார்த்தவை.

நீதியும் ஏகத்துவமும் தனித்தனிப் பாடங்கள் போலத் தெரியும், ஆனால் ஓரிடத்தில் வந்து முட்டிக்கொள்கின்றன. குர்ஆன் இறைவனின் பேச்சு. பேச்சு ஆதியானது என்றால், "அபூ லஹபின் இரு கைகளும் நாசமாகட்டும்" என்ற 111ஆம் சூரா, அபூ லஹப் பிறப்பதற்கு முன்பே, உலகம் உண்டாவதற்கு முன்பே இருக்கிறது. அப்படியானால் அந்த மனிதன் நல்லவனாக மாற வழி எங்கே இருந்தது? வாஸிலின் தோழர் அம்ர் இப்னு உபைத் இந்தச் சூராவைச் சுட்டிக்காட்டியே, இது லவ்ஹுல் மஹ்ஃபூள் என்ற இறைவனிடம் உள்ள பாதுகாக்கப்பட்ட பலகையில் முன்பே எழுதியிருந்தால் அபூ லஹபைக் குற்றம் சொல்ல முடியாது என்றதாக அவருடைய எதிரிகள் பதிவுசெய்திருக்கிறார்கள். எதிரிகள் சொன்னது என்பதால் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் எடுத்துக்கொள்ள வேண்டும், இருந்தாலும் கேள்வி கேள்விதான். முஅதஸிலாக்களின் முடிவு: குர்ஆன் படைக்கப்பட்டது.

இனி வருவது இந்த வரலாற்றிலேயே எனக்கு மிகவும் கசக்கும் பகுதி.

833. அப்பாசியக் கலீஃபா மஃமூன் ரோமர்களோடு, அதாவது பைசாந்தியர்களோடு, போருக்குப் போயிருக்கிறார். அங்கிருந்து பாக்தாதில் இருந்த தன் அதிகாரி இஸ்ஹாக் இப்னு இப்ராஹீமுக்குக் கடிதம் எழுதுகிறார். காஜிகளையும் (நீதிபதிகளையும்) ஹதீஸ் அறிஞர்களையும் கூப்பிட்டு, குர்ஆன் படைக்கப்பட்டதா என்று கேள், ஒப்புக்கொள்ளாதவனுக்கு நம் ஆட்சியில் பதவி இல்லை, அவன் சாட்சி செல்லாது. குர்ஆன் படைக்கப்படவில்லை என்பவர்கள், ஈசா (இயேசு) இறைவனின் வார்த்தை என்பதால் படைக்கப்படவில்லை என்கிற கிறிஸ்தவர்களைப் போன்றவர்கள் என்று ஒரு குத்தும் கடிதத்தில் உண்டு. வரலாற்றாசிரியர் தபரீ இந்த விசாரணையைக் கேள்வி பதிலாகவே பதிவுசெய்திருக்கிறார். படித்தால் இன்றைய விசாரணைக் கமிஷன் போலவே இருக்கிறது.

முதலில் பிஷ்ர் இப்னுல் வலீத். குர்ஆனைப் பற்றி என்ன சொல்கிறீர்?

"அது அல்லாஹ்வின் பேச்சு."

"அதைக் கேட்கவில்லை. படைக்கப்பட்டதா?"

"அல்லாஹ் எல்லாப் பொருளையும் படைத்தவன்."

"குர்ஆன் ஒரு பொருளா?"

"பொருள்தான்."

"அப்படியானால் படைக்கப்பட்டதா?"

"அது படைப்பவன் இல்லை."

"நான் அதைக் கேட்கவில்லை. படைக்கப்பட்டதா?"

"நான் சொன்னதற்குமேல் எனக்கு ஒன்றும் தெரியாது."

இன்னொருவர் இப்னுல் பக்கா. அவர் புத்திசாலி. "அதை அரபு மொழிக் குர்ஆனாக ஆக்கினோம்" என்ற 43:3ஐ எடுத்துக்கொண்டு, குர்ஆன் ஆக்கப்பட்டது என்றார். ஆக்கப்பட்டது என்றால் படைக்கப்பட்டதுதானே என்றார் இஸ்ஹாக். ஆமாம் என்றார். அப்படியானால் குர்ஆன் படைக்கப்பட்டது? "படைக்கப்பட்டது என்று சொல்லமாட்டேன், ஆக்கப்பட்டது." வேலையும் போகக்கூடாது, மார்க்கமும் போகக்கூடாது என்று நடக்கிற இந்தக் கயிற்றுநடையைப் பார்த்துச் சிரிப்பு வரும், உடனே பாவமாகவும் இருக்கும். பிள்ளைகுட்டிக்காரர்கள்.

அஹ்மத் இப்னு ஹன்பலின் முறை வந்தது. "அல்லாஹ்வின் பேச்சு" என்றார். படைக்கப்பட்டதா? "அல்லாஹ்வின் பேச்சு, இதற்குமேல் சொல்லமாட்டேன்." கேட்கிறவன், பார்க்கிறவன் என்றால் என்ன அர்த்தம் என்று மடக்கினார்கள். "தன்னைப் பற்றி அவன் சொன்னபடியே அவன் இருக்கிறான்." மறுபடி மறுபடி மிரட்டியதில் ஒவ்வொருவராக இறங்கிவர, கடைசியில் மிஞ்சியது அஹ்மதும் முஹம்மத் இப்னு நூஹ் என்ற இளைஞரும். இருவரையும் விலங்கு மாட்டி மஃமூனிடம் அனுப்பினார்கள். போய்ச் சேருவதற்குள் மஃமூன் இறந்த செய்தி வந்தது. திருப்பி அனுப்பினார்கள், வழியிலேயே முஹம்மத் இப்னு நூஹ் இறந்துபோனார். அடுத்த கலீஃபா முஅதஸிம் அஹ்மதைச் சிறையிலிருந்து வரவழைத்துச் சவுக்கால் அடிக்கவைத்தார். "அல்லாஹ்வின் வேதத்திலிருந்தோ தூதரின் சுன்னாவிலிருந்தோ ஒன்றைக் காட்டுங்கள், ஒப்புக்கொள்கிறேன்" என்பதையே அஹ்மத் திரும்பத் திரும்பச் சொன்னார். அதற்கடுத்த வாஸிக் காலத்தில் 845இல் ரோமர்களோடு கைதிகளை மாற்றிக்கொண்டபோது, மீட்கப்பட இருந்த முஸ்லிம் கைதிகளிடம்கூட இந்தக் கேள்வி கேட்கப்பட்டது. சரியான பதில் சொன்னவனைத்தான் மீட்டார்கள். மறு வருஷம் அஹ்மத் இப்னு நஸ்ர் அல்குசாயீயை வாஸிக் தன் கையாலேயே வெட்டினார்.

எல்லாப் பழியையும் முஅதஸிலாக்கள் தலையில் கட்டுவது நியாயமில்லை. மஃமூனுக்கு மார்க்கத்தில் கடைசி வார்த்தை உலமாக்களிடம் இருப்பதா தன்னிடம் இருப்பதா என்பதுதான் கவலை. எல்லா முஅதஸிலாக்களும் அரண்மனையில் இல்லை. ஆனால் தலைமைக் காஜி அஹ்மத் இப்னு அபீ துஆத் அவர்கள் ஆள்தான், மறைக்க முடியாது. மனிதன் சுயமாகத் தேர்ந்தால்தான் நற்கூலிக்கும் தண்டனைக்கும் அர்த்தம் என்று நூறு வருஷம் வாதாடிய கூட்டத்தின் ஆள், ஒருவரை அடித்து நம்பவைக்கும் சபையில் உட்கார்ந்திருக்கிறார். இதற்கு எந்தச் சமாதானமும் எனக்குத் திருப்தி தரவில்லை. அன்றைக்கு அந்தச் சபையில் சுயவிருப்பம் என்ற ஒன்றைக் காட்டியவர், விதியை முழுமையாக நம்பிய அஹ்மத்.

முதவக்கில் 847இல் பட்டத்துக்கு வந்து இதையெல்லாம் நிறுத்தினார். அஹ்மத் 855இல் இறந்தபோது பாக்தாதே ஜனாஸாவுக்குத் திரண்டது. முஅதஸிலாக்களின் பெயர் ஜனங்களிடையே கெட்டது கெட்டதுதான்.

அறிவுத்தளத்தில் அவர்களை வீழ்த்தியவர் அவர்கள் வீட்டுப் பிள்ளை. அபுல் ஹசன் அல்அஷ்அரீ பஸ்ராவில், முஅதஸிலா தலைவர் ஜுப்பாயீயிடம் நாற்பது வயதுவரை பாடம் படித்தவர். ஆசிரியரிடம் அவர் கேட்டதாகச் சொல்லப்படும் கேள்வி எல்லா மத்ரஸாவிலும் சொல்லிக்கொடுக்கிற கேள்வி. மூன்று சகோதரர்கள். ஒருவன் ஈமானோடு இறந்தான், ஒருவன் காஃபிராக இறந்தான், ஒருவன் குழந்தையிலேயே இறந்தான். கதி என்ன? முதல்வன் சொர்க்கத்தின் உயர்நிலை, இரண்டாமவன் நரகம், குழந்தைக்கு ஈடேற்றம் உண்டு, உயர்நிலை இல்லை என்றார் ஜுப்பாயீ. "என்னையும் வாழவிட்டிருந்தால் நானும் அமல் செய்து அந்த நிலையை அடைந்திருப்பேனே என்று குழந்தை கேட்டால்?" "நீ வளர்ந்தால் பாவம் செய்து நரகம் போவாய் என்று தெரியும், உன் நலனுக்காகவே எடுத்துக்கொண்டேன் என்று அல்லாஹ் சொல்வான்." "அப்போது நரகத்திலிருந்து அந்தக் காஃபிர், இறைவா, என் கதியும் உனக்குத் தெரியுமே, என்னை ஏன் குழந்தையிலேயே எடுக்கவில்லை என்று கேட்டால்?" ஜுப்பாயீ, உனக்குப் பைத்தியமா என்றார். "இல்லை, ஷேக்கின் கழுதை ஏற்றத்தில் நின்றுவிட்டது" என்றார் மாணவர்.

இந்த உரையாடல் நடந்ததா என்பது சந்தேகமே. ஆனால் சண்டை எங்கே வந்துவிட்டது பாருங்கள். 'அநியாயம் செய்துவிட்டு விதி என்கிறாயே' என்று அரசனைக் கேட்ட அதே நியாயத்தராசு, இப்போது இறைவனுக்கு முன்னால் வைக்கப்பட்டிருக்கிறது. தராசு அங்கே வேலை செய்யவில்லை என்றார் அஷ்அரீ. அரசன் தனக்குச் சொந்தமில்லாத உயிரை எடுக்கிறான், அது அநியாயம். எல்லாமே தனக்குச் சொந்தமானவனிடம் அநியாயம் என்ற பேச்சு எப்படி வரும்? 912ஐ ஒட்டி ஒரு வெள்ளிக்கிழமை பஸ்ரா பள்ளிவாசலில் ஏறி நின்று, குர்ஆன் படைக்கப்பட்டது என்றும் என் தீச்செயல்களைச் செய்பவன் நானே என்றும் சொல்லிவந்தேன், அதிலிருந்து விலகிவிட்டேன் என்று அறிவித்தார்.

ஆனால் ஜஹ்மைப் போல மனிதனை மரக்கட்டையாக்க அவருக்கும் மனம் வரவில்லை. காய்ச்சலில் கை நடுங்குகிறது. அதே கையை நீட்டி ஒரு பேரீச்சம்பழத்தை எடுக்கிறோம். இரண்டும் அசைவுதான், இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் நமக்கு உள்ளுக்குள் தெரிகிறது. இரண்டையும் படைப்பவன் இறைவன். இரண்டாவதை மனிதன் 'கஸ்பு' செய்கிறான், ஈட்டிக்கொள்கிறான். அதனால் பொறுப்பு அவனுடையது. ஈட்டுவது என்றால் சரியாக என்ன? அங்கேதான் பிடிபடாமல் நழுவும். எதிரிகள் பழமொழியே உண்டாக்கிவிட்டார்கள். புரியாத சங்கதியைச் சொல்ல, "அஷ்அரீயின் கஸ்பைவிட நுணுக்கம்" என்பார்கள். நானும் பலவிதமாகப் படித்துப் பார்த்துவிட்டேன். நடுங்கும் கை உதாரணம் பளிச்சென்று புரிகிறது, அதன்பின் வரும் விளக்கம் அத்தனை பளிச்சில்லை.

அவருக்குப் பின் வந்தவர்கள் இதை ஒரு முழு உலகமாகவே கட்டினார்கள். பொருள்களெல்லாம் பிரிக்கமுடியாத அணுக்கள். அவற்றின் நிறம், அசைவு, உயிர் எதுவும் ஒரு கணத்துக்கு மேல் நிற்காது, இறைவன் கணந்தோறும் புதிதாகப் படைக்கிறான். பஞ்சு தீயில் பட்டு எரிகிறதா? தீ எரிக்கவில்லை, தீ பட்ட கணத்தில் இறைவன் எரிதலைப் படைக்கிறான் என்று கஸாலீ எழுதினார். "அவனன்றி ஓரணுவும் அசையாது" என்று நம் ஊரில் எல்லா மதத்தாரும் சொல்கிறோம். அஷ்அரீகள் அதை எழுத்துக்கு எழுத்து பௌதிகமாகவே எழுதிவைத்தவர்கள். சோழமண்டலக் கரையின் ஷாஃபி மத்ஹபு (சட்டப் பள்ளி) முஸ்லிம்களுக்கு அகீதா, அதாவது நம்பிக்கைக் கோட்பாடு, வந்தது இந்த அஷ்அரீ வழியில்தான். இன்னொரு மத்ஹபான ஹனஃபிகளுக்கு 944இல் சமர்கந்தில் இறந்த மாதுரீதீ இமாம். அவர் மனிதத் தேர்வுக்குக் கொஞ்சம் கூடுதல் இடம் கொடுத்தார்.

1017இல் கலீஃபா காதிர், முஅதஸிலாக் கருத்துடைய ஹனஃபி அறிஞர்களை அழைத்து, விலகிக்கொள்வதாக எழுதி வாங்கினார். அதே பாக்தாத், அதே அரண்மனை, கேள்விமட்டும் தலைகீழ். அதன்பின் சுன்னி உலகில் அவர்கள் நூல்கள் நகலெடுப்பாரின்றிப் போயின. வெகுகாலம் அவர்கள் என்ன சொன்னார்கள் என்பதை எதிரிகள் எழுதிய மறுப்புகளிலிருந்துதான் பொறுக்கியெடுக்க வேண்டியிருந்தது. யமனின் ஸைதீக்கள் என்ற ஷியாப் பிரிவினர் அவர்களை விடவில்லை. 1950களின் தொடக்கத்தில் எகிப்திலிருந்து போன குழு சன்ஆவில், 1025இல் இறந்த காஜி அப்துல் ஜப்பாரின் 'முக்னீ' என்ற இருபது பாகப் பெருநூலின் பெரும்பகுதியைக் கண்டெடுத்தது.

அந்த மரபில் என்னை மிகவும் நிறுத்திவைத்தது குர்ஆன் படைக்கப்பட்டதா என்பதில்லை, வலியைப் பற்றிய விவாதம். ஒன்றும் அறியாத குழந்தை நோயில் துடிக்கிறது. ஆடு கத்திக்குக் கழுத்தைக் கொடுக்கிறது. இவை எந்தப் பாவமும் செய்யவில்லை. அப்படியானால் இறைவன் இவற்றுக்கு இழப்பீடு தந்தாக வேண்டும் என்றார்கள் முஅதஸிலாக்கள். 'இவழ்' என்று அதற்குப் பெயரும் வைத்து, அந்த இழப்பீடு என்றென்றைக்குமா, ஒரு காலத்தோடு முடிந்துவிடுமா, மறுமையிலா இம்மையிலா என்று தங்களுக்குள்ளேயே அடித்துக்கொண்டார்கள். அவன் யாருக்கும் எதுவும் தரக் கடமைப்பட்டவன் இல்லை, தந்தால் அது அவன் கருணை என்பது அஷ்அரீ பதில். தர்க்கத்தில் அஷ்அரீயின் கழுதை ஏற்றத்தில் நிற்காமல் போய்விடுகிறது, ஒப்புக்கொள்கிறேன். படைத்தவனை நம் தராசில் நிறுத்த முடியாது என்பதும் எனக்குச் சரியாகத்தான் படுகிறது. ஆனால் ஆட்டுக்கு என்ன பாக்கி என்று கணக்குப் போட்டு உட்கார்ந்திருந்த அந்தக் காஜிகளிடம்தான் நான் திரும்பத் திரும்பப் போகிறேன். ஹஜ்ரத்திடம் இதைக் கேட்டபோது, "அது முஅதஸிலா வாதம், விடு" என்றார். சற்றுப் பொறுத்து, "ஆனா கொம்பில்லாத ஆட்டுக்குக் கொம்புள்ள ஆட்டுக்கிட்டேருந்து மறுமையில் பழி வாங்கிக் கொடுப்பான்னு ஹதீஸ் இருக்கு, அதைப் படிச்சுக்கோ" என்றும் சொன்னார்.